பனிமலையை நடத்தும் அலுவலகம் சமவெளியில்: ஒரு பனிச்சறுக்கு நிறுவனத்தின் தலைமையகத்தில் என்னதான் வேலை?

2024 டிசம்பர் 27. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே வரும் வாரம். அமெரிக்கப் பனிச்சறுக்குத் தொழிலுக்குக் கல்லா நிறைவது இந்த வாரத்தில்தான். அன்று காலை யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி மலையில் சுமார் 200 ஸ்கி பேட்ரோல் ஊழியர்கள், அதாவது சறுக்குச் சரிவுகளின் பாதுகாப்பைப் பார்ப்பவர்கள், வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆரம்பச் சம்பளத்தை மணிக்கு 21 டாலரிலிருந்து 23 ஆக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. ஜனவரி 8 வரை அது நீடித்தது. மலையின் பெரும்பகுதி மூடிக் கிடந்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்து விடுமுறைக்கு வந்தவர்கள் லிஃப்ட் வரிசையிலேயே நாளைக் கழித்தார்கள்.

மலையை நடத்துவது வெய்ல் ரிசார்ட்ஸ். அதே நிறுவனம் மூன்று மாதம் முன்புதான், செப்டம்பரில், தலைமையக ஊழியர்களில் 14 சதவீதம் பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்திருந்தது. 2025 மே மாதம் அதன் தலைமைச் செயல் அதிகாரியே மாறினார்.

இந்தச் செய்திகளைத் தனித்தனியாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு மலை, கொஞ்சம் பனி, மேலே ஏற ஒரு லிஃப்ட். இதற்கு எதற்கு இவ்வளவு பெரிய தலைமையகம்? அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? மணிக்கு இரண்டு டாலர் விஷயத்துக்கு ஒரு பெரிய நிறுவனம் ஏன் புத்தாண்டு வாரத்தையே பறிகொடுத்தது? அடிப்படையிலிருந்து ஆரம்பித்தால் எல்லாம் ஒரே கதையாகத் தெரியும்.

மலை யாருடையது?

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பெரிய பனிச்சறுக்கு மலைகள் பெரும்பாலும் நிறுவனங்களின் சொத்து இல்லை. அவை தேசிய வன நிலங்கள், மத்திய அரசின் வனத்துறைக்குச் சொந்தம். நாடு முழுவதும் 122 பனிச்சறுக்குத் தளங்கள் இப்படி வன நிலத்தில் இயங்குகின்றன. கொலராடோவின் வெய்ல், பீவர் க்ரீக், பிரெக்கன்ரிட்ஜ், கீஸ்டோன் நான்கும் ஒயிட் ரிவர் தேசிய வனத்துக்குள் இருக்கின்றன.

1986-இல் வந்த சட்டத்தின்படி வனத்துறை 40 ஆண்டுகள் வரை அனுமதி தரலாம். பதிலுக்கு நிறுவனம் வருமானத்தில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கட்ட வேண்டும். வருமானம் ஏற ஏற 1.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதம் வரை போகும். புதிய லிஃப்ட் போட வேண்டுமா, மரம் வெட்டி இன்னொரு சறுக்குப் பாதை அமைக்க வேண்டுமா, சுற்றுச்சூழல் ஆய்வும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் முடிந்த பிறகுதான் நடக்கும்.

ஆக, நிறுவனத்தின் கையில் உண்மையில் இருப்பது லிஃப்டுகள், மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம், உணவகங்கள், வாடகைச் சாதனக் கடைகள், அப்புறம் காகிதங்கள். அனுமதி, குத்தகை, தண்ணீர் உரிமை. செயற்கைப் பனி செய்யத் தண்ணீர் வேண்டும். கொலராடோவிலோ தண்ணீரை யார் முதலில் பயன்படுத்தத் தொடங்கினார்களோ அவர்களுக்கே முன்னுரிமை. நூறாண்டுப் பழைய உரிமை ஆவணத்தைப் படிக்கத் தெரிந்த வக்கீல் இல்லாமல் பனி பீரங்கியை ஓட்ட முடியாது.

காகிதத்தின் மதிப்பு என்னவென்று பார்க் சிட்டியே ஒருமுறை காட்டியிருக்கிறது. அந்த மலையை முன்பு நடத்தியது பவ்டர் என்ற நிறுவனம். மலைச்சரிவு நிலம் டாலிஸ்கர் நிறுவனத்தின் கையில். பவ்டருக்குக் கிடைத்திருந்தது பழைய காலத்துக் குத்தகை. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டாலர் அளவுதான் வாடகை. வீட்டு மனையெல்லாம் பல லட்சம் டாலருக்குப் போகிற ஊரில் அது கிட்டத்தட்ட இலவசம். 2011 வசந்தத்தில் குத்தகையைப் புதுப்பிக்கும் கடிதத்தைக் குறித்த தேதிக்குள் அனுப்ப வேண்டும். கடிதம் சில நாள் தாமதமாகப் போனது. அவ்வளவுதான். நில உரிமையாளர் குத்தகை காலாவதி என்றார். 2013-இல் நிலத்தை நடத்தும் உரிமையை வெய்ல் ரிசார்ட்ஸுக்குக் கொடுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. நீதிமன்றம் பவ்டருக்குக் கைகொடுக்கவில்லை. லிஃப்டின் அடிவாரமும் வாகன நிறுத்தமும் மட்டும் இன்னும் பவ்டர் வசம். மேலே உள்ள மலை வேறொருவர் வசம். கடைசியில் 2014 செப்டம்பரில் அந்த அடிவாரத்தையும் 18.25 கோடி டாலருக்கு வெய்லுக்கே விற்றுவிட்டு வெளியேறினார்கள்.

இத்தனை ஆண்டுகள் நடத்திய மலை கைமாறியதற்குப் பனியோ லிஃப்டோ காரணமில்லை. ஓர் அலுவலகத்திலிருந்து நேரத்துக்குப் போகாத ஒரு கடிதம்தான் காரணம்.

பனி பொய்த்தால் என்ன ஆகும்?

இரண்டாவது அடிப்படை, வானிலை. குற்றாலத்தில் சாரல் பொய்த்துப்போன ஆண்டில் அங்குள்ள விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் என்ன பாடுபடுவார்களோ, பழைய பனிச்சறுக்குத் தொழிலின் நிலையும் அதேதான். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் பருவம். பனி விழுந்தால் கூட்டம், விழாவிட்டால் நஷ்டம். ஆனால் லிஃப்டுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி மாதா மாதம் கட்டியாக வேண்டும். இப்படி விழுந்தவர்கள் ஏராளம். வெய்ல் மலையை வைத்திருந்த ஜார்ஜ் ஜில்லெட்டின் குழுமமோ பனியால் அல்ல, கடனால் 1990-களின் தொடக்கத்தில் திவாலானது. அப்போது உள்ளே வந்தது அப்பல்லோ என்ற முதலீட்டு நிறுவனம். 1997-இல் வெய்ல் ரிசார்ட்ஸ் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அப்பல்லோவில் இருந்து வந்த ராப் கட்ஸ் 2006-இல் தலைமைச் செயல் அதிகாரி ஆனார்.

ஒருமுறை பணம் கட்டிப் பருவம் முழுக்கச் சறுக்கும் சீசன் பாஸ் அதற்கு முன்பே உண்டு. 1998-இல் கொலராடோவின் வின்டர் பார்க் மலை 200 டாலர் அளவுக்கு மலிவான பாஸ் விட்டு ஒரு விலைப்போரையே தொடங்கி வைத்தது. ஆனால் அவையெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்கானவை. 2008 மார்ச்சில் வெய்ல் அறிவித்த எபிக் பாஸ் வேறு ரகம். 579 டாலர் கொடுத்தால் நிறுவனத்தின் எல்லா மலைகளிலும், எல்லா நாளும், பருவம் முழுக்கச் சறுக்கலாம். ஒரே நிபந்தனை: பனி விழுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

இந்த ஒரு நிபந்தனைதான் தொழிலையே மாற்றியது. எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

1. முன்பு வானிலையின் ஆபத்து நிறுவனத்தின் தலையில் இருந்தது. பனி இல்லையென்றால் ஆள் வரமாட்டார், பணமும் வராது. இப்போது வாடிக்கையாளர் கோடையிலேயே பணம் கட்டிவிட்டார். பனி குறைந்தால் அந்த நஷ்டத்தில் பெரும்பங்கு அவருடையது.

2. ஒரு மலையில் பனி இல்லாவிட்டால் இன்னொரு மலையில் இருக்கும் என்று சொல்லி பாஸை விற்க வேண்டுமானால், பல மலைகள் வேண்டும். அதனால்தான் வாங்கிக் குவித்தார்கள். 2014-இல் பார்க் சிட்டி, 2015-இல் ஆஸ்திரேலியாவின் பெரிஷர், 2016-இல் கனடாவின் விஸ்லர் பிளாக்கோம், 2019-இல் பீக் ரிசார்ட்ஸ் என்ற நிறுவனத்தையே வாங்கியதில் ஒரே மூச்சில் 17 சிறு மலைகள். இன்று நான்கு நாடுகளில் 42 தளங்கள்.

3. பாஸ் மலிவாக இருப்பதாகத் தோன்ற வேண்டுமானால் ஒருநாள் டிக்கெட் கண்ணைக் கட்ட வேண்டும். 2024-25 பருவத்தில் வெய்ல் மலையில் உச்ச நாள் டிக்கெட் 329 டாலர். ஆரம்ப விலையில் முழு எபிக் பாஸ் 982 டாலர். மூன்று நாள் சறுக்கினால் போட்ட காசு வந்துவிடும். ஒருநாள் டிக்கெட் விலை பேராசை மட்டுமே என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த விலை டிக்கெட்டை விற்பதைவிட பாஸை விற்கத்தான் அதிகம் உதவுகிறது.

4. இன்று நிறுவனத்தின் தளங்களுக்கு வருபவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கினர் முன்கூட்டியே பணம் கட்டியவர்கள்.

இந்த ஏற்பாடு பலிக்கிறதா? 2023-24 பருவத்தில் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள நிறுவனத்தின் மலைகளில் பனிப்பொழிவு முந்தைய ஆண்டைவிட 28 சதவீதம் குறைந்தது. வந்தவர்களும் குறைந்தார்கள். அந்த நிதியாண்டின் மொத்த வருமானம் 2.89 பில்லியன் டாலர். அதற்கு முந்தைய, நல்ல பனி பெய்த ஆண்டிலும் கிட்டத்தட்ட அதே 2.89 பில்லியன். பழைய காலத்தில் இப்படியொரு பருவம் எத்தனையோ முதலாளிகளைத் தெருவுக்குக் கொண்டுவந்திருக்கும்.

தலைமையகம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. மலையில் இருப்பவர்கள் பனியைக் கையாள்கிறார்கள். தலைமையகத்தில் இருப்பவர்கள் பனியின் நிச்சயமின்மையைக் கையாள்கிறார்கள்.

தலைகீழாக ஓடும் நாட்காட்டி

மலையில் வேலை உச்சத்தில் இருக்கும்போது அலுவலகத்தில் அடுத்த ஆண்டின் வேலை தொடங்கிவிடும். அலுவலகத்துக்குள் நுழையும் புதியவரை முதலில் திணறடிப்பது இதுதான்.

நிதியாண்டு ஆகஸ்ட் 1-இல் தொடங்கி ஜூலை 31-இல் முடியும். மார்ச் மாதம், சரிவில் இன்னும் பனி கிடக்கும்போதே, அடுத்த பருவத்தின் பாஸ் விற்பனைக்கு வரும். அப்போதுதான் விலை குறைவு. மே இறுதியில் வரும் நினைவு நாள், செப்டம்பர் தொடக்கத்தில் வரும் தொழிலாளர் நாள் என்று ஒவ்வொரு கெடுவும் தாண்டத் தாண்ட விலை ஏறும். டிசம்பர் தொடக்கத்தோடு விற்பனை முடிந்துவிடும். ஆகவே சந்தைப்படுத்தல் பிரிவுக்குப் பரபரப்பான காலம் கடும் கோடை. ஆட்களை எடுக்கும் பிரிவுக்கு ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை. ஜூன் முதல் அக்டோபர் வரை ஆஸ்திரேலியாவில் குளிர்காலம். அங்குள்ள மூன்று தளங்கள் அப்போது ஓடும். ஓய்வான மாதம் என்று ஒன்றைச் சொல்வது கடினம்.

கணக்குப் பிரிவில் ஒரு நுட்பம் உண்டு, அதைப் புரிந்துகொண்டால் காலாண்டுச் செய்திகள் குழப்பாது. ஜூனில் பாஸ் வாங்கியவரின் பணம் அன்றே வங்கிக்கு வந்துவிடும். ஆனால் கணக்கியல் விதிப்படி அது வருமானம் இல்லை. இன்னும் கொடுக்காத சேவைக்கு வாங்கிய முன்பணம், அதாவது பொறுப்பு. பருவம் தொடங்கி வாடிக்கையாளர் சறுக்கச் சறுக்கத்தான் அது கொஞ்சம் கொஞ்சமாக வருமானமாக மாறும். அதனால் மே முதல் அக்டோபர் வரையிலான இரண்டு காலாண்டுகளிலும் நிறுவனம் வழக்கமாக நஷ்டம் காட்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை இரண்டு காலாண்டில் லாபம் கொட்டும். "பனிச்சறுக்கு நிறுவனம் நஷ்டம்" என்று செப்டம்பரிலோ டிசம்பரிலோ தலைப்பு வந்தால் பதற வேண்டியதில்லை. அந்தக் கணக்கு எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

முன்பணம் வாங்கினால் அதோடு கடமையும் வரும். 2020 மார்ச் 15-இல் கொரோனாவால் வட அமெரிக்கத் தளங்கள் எல்லாம் ஒரே நாளில் மூடப்பட்டபோது பாஸ் வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். நிறுவனம் அடுத்த பாஸில் தள்ளுபடி கொடுத்துச் சமாளித்தது. அத்தோடு, காயம், நோய், வேலை இழப்பு, தளம் மூடல் போன்ற காரணங்களுக்குப் பணம் திரும்பத் தரும் காப்பு ஏற்பாட்டையும் பாஸோடு இலவசமாகச் சேர்த்தது.

உள்ளே யார் யார்?

நிதி, சட்டம், மனிதவளம், தகவல் தொழில்நுட்பம், கொள்முதல் என்று எந்தப் பெரிய நிறுவனத்திலும் உள்ள பிரிவுகள் இங்கும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக விவரிக்கத் தேவையில்லை. இந்தத் தொழிலுக்கே உரிய மூன்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது தரவு. காலை எட்டரை மணி. ஒருவர் வெய்ல் மலையடிவாரத்தில் லிஃப்ட் வரிசையில் நிற்கிறார். பாஸ் அவர் சட்டைப்பைக்குள். கையில் ஸ்கேனர் பிடித்த ஊழியர் அருகே போனதும் ஒரு பீப் ஒலி. அந்தப் பாஸில் ஒரு ரேடியோ சில்லு இருக்கிறது. சில ஆண்டுகளாகக் கைபேசியே பாஸாகவும் வேலை செய்கிறது. அந்த ஒரு பீப்பில் இவர் யார், எந்த ஊர், இந்தப் பருவத்தில் எத்தனையாவது நாள், எந்த மலை, எத்தனை மணி என்பதெல்லாம் பதிவாகிவிடும். ஒரு பருவத்தில் கோடிக்கணக்கான பீப்கள். இரண்டு நாள் மட்டும் வருபவருக்கு எந்தப் பாஸைக் காட்ட வேண்டும், சென்ற ஆண்டு வாங்கி இந்த ஆண்டு வாங்காதவருக்கு எப்போது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்வது இந்தத் தரவுதான். 2021-இல் கட்ஸுக்குப் பின் தலைமைக்கு வந்த கர்ஸ்டன் லிஞ்ச் அதற்கு முன் பத்தாண்டு சந்தைப்படுத்தல் பிரிவின் தலைவராக இருந்தவர். மலையை நடத்தியவரைவிட வாடிக்கையாளரைப் படிப்பவருக்கே அந்த நாற்காலி போனது என்பதிலிருந்தே இந்தப் பிரிவின் எடை தெரியும்.

இரண்டாவது சட்டமும் விபத்துப் பொறுப்பும். பாஸ் வாங்கும்போது எல்லோரும் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் ஒரு பத்திரம் உண்டு: அடிபட்டால் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட மாட்டேன் என்பது அதன் சாரம். 2022-இல் கிரெஸ்டட் பியூட் மலையில் ஒரு சிறுமி லிஃப்டிலிருந்து விழுந்து படுகாயமடைந்த வழக்கில், 2024 மே மாதம் கொலராடோ உச்ச நீதிமன்றம் அந்தப் பத்திரத்தின் பலத்தைக் குறைத்தது. சட்டமும் விதிகளும் கட்டாயமாக்கிய லிஃப்ட் பாதுகாப்பை நிறுவனம் மீறியிருந்தால் கையெழுத்து காப்பாற்றாது என்றது. சரியான தீர்ப்பு. லிஃப்டில் ஏறுகிற குழந்தை அதன் இயக்கத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு ஏற முடியாது.

மூன்றாவது ஆள் எடுப்பு. பருவ உச்சத்தில் நிறுவனத்துக்கு 50,000 பேருக்கு மேல் வேண்டும். ஆண்டு முழுக்க இருப்பவர்கள் சில ஆயிரம்தான். மற்றவர்களை ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் புதிதாகப் பிடிக்க வேண்டும். பெரு, அர்ஜென்டினா, சிலி போன்ற நாடுகளின் கல்லூரி மாணவர்கள் தங்கள் கோடை விடுமுறையில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வேலைக்கு வருவார்கள். அவர்களுக்கு ஊதியத்தைவிடப் பெரிய பிரச்சினை தங்குமிடம். மலை ஊர்களில் வீடுகள் பணக்காரர்களின் இரண்டாம் வீடாகவும் நாள் வாடகை விடுதியாகவும் மாறிவிட்டன. படுக்கை இல்லாமல் ஆள் எடுக்க முடியாது. ஆள் இல்லாமல் லிஃப்ட் ஓடாது.

ஏன் சமவெளியில்?

வெய்ல் மலை 1962 டிசம்பரில் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் மலைப்படைப் பிரிவில் இருந்து காயம்பட்ட பீட் சீபர்ட்டும், அந்தப் பள்ளத்தாக்கை நன்றாக அறிந்த எர்ல் ஈட்டனும் தொடங்கியது. நிறுவன அலுவலகம் பிறகு பல காலம் மலைக்குப் பக்கத்திலேயே, ஏவன் என்ற சிற்றூரில் இருந்தது. 2006-இல் கட்ஸ் வந்ததும் அதை டென்வருக்கும் போல்டருக்கும் நடுவே உள்ள ப்ரூம்ஃபீல்டுக்கு மாற்றினார். வெய்ல் கிராமத்திலிருந்து அது நூறு மைலுக்கு மேல்.

காரணங்கள் நியாயமானவை. தரவு நிபுணர்களும் மென்பொருள் ஆட்களும் நகரத்தில்தான் கிடைப்பார்கள். விமான நிலையம் பக்கம். மலை ஊரில் ஒரு கணக்காளருக்கு வீடு தேடிக் கொடுப்பதே தனி வேலை. பல மலைகளை வைத்திருக்கும் நிறுவனம் ஒரு மலையின் காலடியில் உட்கார்ந்தால் மற்ற மலைகளுக்கு மாற்றாந்தாய் ஆகிவிடும் என்பதும் உண்டு. எபிக் பாஸுக்குப் போட்டியாக 2018-இல் ஐகான் பாஸைக் கொண்டுவந்த ஆல்டெரா நிறுவனமும் டென்வரில்தான் இருக்கிறது.

ஆனால் இடம் மாறியதோடு பார்வையும் மாறியது. ஒரு மலையின் மேலாளர் முன்பு தானே ஆள் எடுத்தார், தானே சம்பளம் பேசினார், ஊர்க்காரர்களிடம் தானே திட்டு வாங்கினார். மையப்படுத்திய பிறகு அந்த முடிவுகள் மேசை மாறின. 42 மலைகளுக்கும் ஒரே ஆள் எடுப்பு முறை, ஒரே சம்பள வரம்பு, ஒரே கொள்முதல். செலவு குறைகிறது, உண்மைதான். ஆனால் ஒரு மலையின் தனிக் கஷ்டம் அட்டவணையில் ஒரு கட்டமாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டு மலைகள் சொன்ன பாடம்

2021-இல் நிறுவனம் பாஸ் விலையை 20 சதவீதம் குறைத்தது. 21 லட்சம் பாஸ்கள் விற்றன. அலுவலகத்துக்கு அது கொண்டாட்டம். அந்தக் குளிர்காலத்தில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்டீவன்ஸ் பாஸ் மலையில் லிஃப்டை ஓட்ட ஆளில்லை. பனி இருந்தது, வரிசை இருந்தது, பாதி மலை மூடியிருந்தது. பாஸ் வாங்கியவர்கள் இணையத்தில் தொடங்கிய மனுவில் 40,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அனுபவமுள்ள மேலாளர் ஒருவரை அவசரமாக அனுப்பி நிலைமையைத் தேற்ற வேண்டியதாயிற்று. 2022 மார்ச்சில் வட அமெரிக்கத் தளங்களில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 20 டாலர் என்று நிறுவனம் அறிவித்தது. அந்தச் சம்பள உயர்வுகளுக்கு ஆண்டுக்கு சுமார் 17.5 கோடி டாலர் செலவு.

இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு பார்க் சிட்டிக்குத் திரும்புவோம்.

ஸ்கி பேட்ரோல் ஊழியர் என்றால் வழிகாட்டும் காவலர் மட்டுமல்ல. இரவு பனி கொட்டினால் விடியும் முன்பே அவர்கள் மேலே போகவேண்டும். எந்தச் சரிவில் புதுப்பனி நழுவும் நிலையில் தொங்குகிறது என்று பார்த்து, கையால் வெடி எறிந்து, ஆட்கள் வருவதற்கு முன்பே பனிச்சரிவை வரவழைத்துவிடுவார்கள். அதன் பிறகுதான் கயிறு அவிழும், சரிவு திறக்கும். அடிபட்டவரைச் சறுக்குக் கட்டிலில் வைத்து இறக்குவதும் அவர்களே. அவர்கள் இல்லையென்றால் எவ்வளவு பனி இருந்தும் சரிவைத் திறக்க முடியாது. 7,300 ஏக்கர் பரப்புள்ள மலை இத்தனை கொஞ்சம் பேரை நம்பி நிற்கிறது.

கணக்கைப் பாருங்கள். 200 பேர், ஒரு பருவத்தில் ஆளுக்கு 800 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு இரண்டு டாலர் என்பது ஆண்டுக்கு 3,20,000 டாலர். புத்தாண்டு வாரத்தில் ஒரு நாள் இழந்தாலே அதைவிட அதிகம் போய்விடும். அப்படியிருந்தும் ஏன் பிடிவாதம்?

ப்ரூம்ஃபீல்டில் உட்கார்ந்தவர்களுக்கு அது 200 பேரின் பிரச்சினையாகத் தெரியவில்லை என்பது என் கணிப்பு. பிரெக்கன்ரிட்ஜ், கிரெஸ்டட் பியூட், கீஸ்டோன் போன்ற மற்ற மலைகளிலும் பேட்ரோல் சங்கங்கள் இருக்கின்றன. இங்கே கொடுத்தால் அங்கேயும் கேட்பார்கள். பேட்ரோலுக்கு ஏற்றினால் லிஃப்ட் மெக்கானிக், பனி சமன்செய்யும் வண்டி ஓட்டுநர் என்று வரிசையாக ஏறும். கடைசியாக எல்லோருக்கும் ஏற்றியபோது ஆன செலவுதான் அந்த 17.5 கோடி. ஒரே அட்டவணையில் எல்லா மலைகளையும் வைத்திருப்பதன் விலை இது: ஒரு கட்டத்தை மாற்றினால் எல்லாக் கட்டமும் அசையும் என்ற பயம்.

பயம் புரிகிறது, முடிவு தவறு. வேலைநிறுத்தம் முடிந்தபோது ஆரம்பச் சம்பளம் சங்கம் கேட்ட இரண்டு டாலர் ஏறியது, அனுபவமுள்ளவர்களுக்கு அதைவிட அதிகம். அந்த நாட்களில் அங்கே சறுக்கியவர்களுக்கு அடுத்த பாஸில் 50 சதவீதம் வரை கழிவும் கொடுக்க வேண்டியதாயிற்று. நியூயார்க் பங்குச் சந்தையில் பங்கு விலையும் அடி வாங்கியது. 2021 இறுதியில் 350 டாலரைத் தாண்டியிருந்த பங்கு, 2025 வசந்தத்தில் பாதிக்கும் கீழே கிடந்தது. மே 27 அன்று லிஞ்ச் விலகுகிறார், கட்ஸ் திரும்புகிறார் என்ற அறிவிப்பு வந்தது.

தலைமையக வேலைக்கு விண்ணப்பிப்பவர் கவனிக்க வேண்டியவை

2024 செப்டம்பரின் ஆட்குறைப்புத் திட்டம் 2026 நிதியாண்டின் முடிவுக்குள் ஆண்டுக்கு 10 கோடி டாலர் மிச்சப்படுத்துவதை இலக்காக வைத்தது. தலைமையகத்தில் 14 சதவீதம், மலைகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது, செலவைக் குறைக்க வேண்டும் என்றால் கத்தி முதலில் விழுவது அலுவலகத்தில். மலை வேலை நிலையில்லாதது, அலுவலக வேலைதான் நிரந்தரம் என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

1. கொலராடோவில் 2021 முதல் நடைமுறையில் உள்ள சமஊதியச் சட்டப்படி, விளம்பரத்திலேயே சம்பள வரம்பைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாத விளம்பரத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள். அந்த வரம்பை டென்வர் பகுதியின் வாடகையோடு ஒப்பிட்ட பிறகே விண்ணப்பியுங்கள்; இலவச பாஸ் வாடகை கட்டாது.

2. "மலைக்கு அருகில்" என்ற நினைப்பு வேண்டாம். வெள்ளி மாலையும் சனி காலையும் டென்வரிலிருந்து மலைக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஊரெல்லாம் விடுமுறையில் சறுக்கும் அந்த வாரங்களில்தான் டிக்கெட் தளமும் அழைப்பு மையமும் மூச்சுவிடாமல் ஓடும்.

3. பட்டியலிட்ட நிறுவனமா, தனியார் கையிலா என்று பாருங்கள். வெய்ல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த அழுத்தம் எல்லா மேசைக்கும் இறங்கும். ஆல்டெரா, பாய்ன் போன்றவை தனியார் நிறுவனங்கள். அங்கே கணக்கு வெளியே வராது, அதனால் நிறுவனம் எப்படி இருக்கிறது என்று வெளியிலிருந்து கணிப்பதும் கடினம்.

4. நேர்முகத்தில் நீங்களும் ஒன்றைக் கேளுங்கள்: இந்தப் பிரிவில் உள்ளவர்கள் ஒரு பருவத்தில் எத்தனை நாள் மலையில் வேலை பார்க்கிறார்கள்? சறுக்குவதை இதில் சேர்க்காதீர்கள். லிஃப்ட் வரிசையில் நின்று ஸ்கேனர் பிடிப்பது, சமையலறையில் தட்டு எடுப்பது மாதிரியான வேலை. பதில் தெளிவாக இல்லையென்றால் ஸ்டீவன்ஸ் பாஸ் மலையில் ஏன் அப்படி நடந்தது என்று புரியும்.

இப்போது எங்கே நிற்கிறது?

பாஸ் இயந்திரம் தன் எல்லையைத் தொடத் தொடங்கியிருக்கிறது. வாங்கக்கூடியவர்களில் பெரும்பாலோர் வாங்கிவிட்டார்கள். 2025-26 பருவத்துக்கு முழு எபிக் பாஸின் ஆரம்ப விலை 1,051 டாலர். 2025 செப்டம்பர் வரையிலான விற்பனையில் பாஸ்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 3 சதவீதம் குறைந்து, விலை ஏற்றத்தால் மட்டும் தொகை 1 சதவீதம் கூடியது. அதே நேரம் முன்கூட்டித் திட்டமிடாத ஆள், ஒரே ஒரு நாள் சறுக்கிப் பார்க்க நினைக்கும் கல்லூரி மாணவர், குழந்தைக்குப் பனியைக் காட்ட வரும் குடும்பம் எல்லோரும் 300 டாலர் டிக்கெட்டைப் பார்த்துத் திரும்பிப் போகிறார்கள். புதிதாக யாரும் கற்றுக்கொள்ளாவிட்டால் பத்து ஆண்டில் பாஸ் வாங்க யார் இருப்பார்கள்?

திரும்பி வந்த கட்ஸ் 2025 ஆகஸ்டில் செய்த முதல் வேலைகளில் ஒன்று, பாஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் நண்பர்களுக்கு ஒருநாள் டிக்கெட்டைப் பாதி விலையில் வாங்கித் தரும் சலுகையை அறிவித்தது. எந்த ஒருநாள் டிக்கெட்டை எட்டாத உயரத்தில் வைத்து பாஸை விற்றார்களோ, அதற்கே இப்போது பக்கவாட்டில் ஒரு கதவு திறந்திருக்கிறார்கள். அந்தக் கதவு பெரிதானால் பாஸ் வாங்கும் அவசரம் குறையும். குறுகலாகவே இருந்தால் புது ஆள் வரமாட்டார். எவ்வளவு திறப்பது என்பதுதான் இப்போது ப்ரூம்ஃபீல்டில் விலை நிர்ணயம் செய்யும் மேசையில் இருக்கும் வேலை.